அக்கா நேர்ந்த கால்

முதலில் கெண்டைக்காலில்தான் வந்தது. வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நான் வேலை செய்யும் திரைச்சீலைக் கடைக்கு நடக்கிற தூரம் அதிகமில்லை. பாதி வழியில் வலது கெண்டைச் சதையை யாரோ பிடித்து முறுக்குவது போல இருக்கும். நின்றால் போய்விடும். நடந்தால் திரும்ப வரும்.

வீதியில் சும்மா நிற்க எனக்குக் கூச்சம். அதனால் ஏதாவது ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று உள்ளே பார்ப்பது போலப் பாவனை செய்வேன். நகைக்கடை, மூக்குக் கண்ணாடிக் கடை, சாறிக்கடை. சாறிக்கடை வாசலில் நிற்கும் பெண் ஒவ்வொரு நாளும், "வாங்கோ அக்கா, உள்ளுக்கு வந்து பாருங்கோ" என்று கூப்பிடுவாள். ஒரு நாள், "வீட்டில கலியாணமோ அக்கா? பாத்துப் பாத்துப் போறீங்க, எடுக்கிறீங்க இல்ல" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் ஓம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவளுக்குப் பயந்து வீதியின் மறுபக்கத்தால் நடந்தேன். அந்தப் பக்கம் நின்று பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு வங்கியின் மதில்தான்.

நடந்தால் வந்து, நின்றால் போகிற வலி, காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதன் முதல் அடையாளம் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். நான் வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் கடைக் கண்ணாடிகளைப் பார்க்காமல் ஒரு டொக்டரைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் நானும் பிலோ அக்காவும் மட்டும்தான். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அத்தான் இறந்த பிறகு ரோல்ஸும் கட்லட்டும் செய்து பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். நான் கலியாணம் செய்யவில்லை. எங்கள் இருவருக்கும் பல வருடங்களாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). நான் மருந்துக் குளிசையை மறந்துவிடுவேன். அக்கா மறப்பதில்லை. ஆனால் குளிசை போட்டாயிற்று என்ற தைரியத்தில் தொதல் இனிப்பைத் தின்பாள்.

சில மாதங்களில் படுத்திருக்கும்போதும் வலி வந்தது. பாதம் குளிர்ந்து கிடக்கும், விரல்கள் மட்டும் எரியும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் கொஞ்சம் குறையும். இரத்தம் சரியாகப் போய்ச் சேராத காலை இறக்கி வைத்தால் கொஞ்சமாவது கீழே வடிந்து போகும், அதுதான் காரணம். அப்போது எனக்கு அது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

"வௌவால் தலையைத் தொங்கப் போடும், நீ காலைத் தொங்கப் போடுறாய்" என்றாள்.

அந்த வருடமும் மாதா கோயில் திருவிழா வந்தது. எங்கள் கோயில் சுற்றுப்பிரகாரத்தில், ஊர்வலமாக வரும் மாதா சொரூபத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு நடப்பது நாங்கள் சிறு வயதிலிருந்து செய்வது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நடப்பார்கள். பின்னேரம் புறப்பட்டாலும் தார் ஆறியிருக்காது. வாசல்களில் நிற்கிறவர்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வீதியில் ஊற்றுவார்கள். அந்த ஈரத்தைத் தேடித்தான் எல்லாரும் மிதிப்பார்கள்.

நான் தேடவில்லை. எனக்குச் சுடவே இல்லை. அக்கா ஈரத்துக்கு ஈரம் தாவித் தாவி வர, நான் நேராக நடந்தேன்.

"உனக்கு மட்டும் மாதா கம்பளம் விரிச்சிருக்கிறா போல" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பீடத்துக்கு முன்னால் நின்று அதற்காக நன்றியும் சொன்னேன்.

அது அருள் இல்லை. நரம்பு மரத்துப் போயிருந்தது (நீண்ட காலச் சீனி வருத்தத்தால் பாதத்தில் உணர்ச்சி குறைவது). பெருவிரலின் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்து உடைந்திருந்தது. வலிக்காததால் பெரிதாக எடுக்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டினேன். அது ஆறவில்லை. ஆறுவதற்கு இரத்தம் வரவேண்டும் அல்லவா? விரல் முதலில் ஊதா நிறமானது, பிறகு கறுத்தது. காலை யாருக்கும் காட்டிப் பழக்கமில்லாத எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் அக்கா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். "ஜெஸி, குப்பை வாளிக்குள்ள மீன் தலை ஏதும் கிடக்கோ? மணக்குது" என்றாள். நான் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். வாளியைப் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"காலுறையைக் கழட்டு."

கழற்றினேன். அக்கா சத்தம் போடவில்லை. போய் அடுப்பை நிறுத்தினாள். எண்ணெயில் பாதி வெந்த ரோல்ஸ் அப்படியே கிடந்தன. "சட்டையை மாத்து. த்ரீவீல் கூப்பிடுறன்" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் வாட்டில் சேர்த்த மறுநாள் இரத்தக் குழாய்ச் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். என்னைவிட வயது குறைந்தவர், சிங்களவர். "அக்கே, கக்குல பென்னன்ன" என்றார். காலைக் காட்டச் சொல்கிறார். பயத்துக்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வந்தது. அவர் அந்தக் காலைக் கையில் எடுத்து, பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்து வெகு நேரம் துடிப்பைத் தேடினார். பிறகு கணுக்காலின் உட்புறம், முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு. பிறகு மற்றக் கால்.

அதற்குப் பிறகு ஒரு பேனை போன்ற கருவியை வைத்தார். டொப்ளர் (இரத்தம் ஓடுவதை ஒலியாகக் கேட்கும் கருவி). இடது பாதத்தில் மெல்லிய ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. வலது பாதத்தில் நிலையம் பிடிக்காத றேடியோவின் இரைச்சல் மட்டும்தான்.

படம் எடுத்துப் பார்த்த பிறகு அக்காவையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்.

"காலி வீதி மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்?"

"மரைன் ட்ரைவால போவம்" என்றாள் அக்கா. வெள்ளவத்தையின் பெரிய வீதியான காலி வீதிக்குப் பக்கத்தில், கடலோரமாகப் போகிற வீதி அது.

"உங்கள் தங்கையின் காலில் காலி வீதி எப்போதோ மூடிவிட்டது. இவ்வளவு நாளும் மரைன் ட்ரைவால்தான் இரத்தம் போயிருக்கிறது. இப்போது அதுவும் மூடப் போகிறது."

பாதத்தில் இருக்கும் குழாய்கள் மிகவும் சிறியவை, மாற்றுக் குழாய் பொருத்தும் பெரிய சத்திரசிகிச்சைக்கு என் காலிலிருந்து எடுக்கக்கூடிய நாளமும் சரியில்லை என்றார். அதனால் அஞ்சியோபிளாஸ்டி (தொடை இடுக்கால் மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேல் ஒரு சிறு பலூனை அனுப்பி, அடைபட்ட இடத்தில் ஊதித் திறப்பது) செய்து பார்ப்போம் என்றார். கறுத்த விரல் எப்படியும் போகும். இரத்தம் வந்தால்தான் விரலை எடுத்த புண்ணாவது ஆறும்.

"திறக்க ஏலாட்டி, டொக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கையின் விளிம்பை என் முழங்காலுக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

அன்றைக்குப் பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் அக்கா செபமாலையோடு வந்தாள். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். ஏதோ முடிவெடுத்துவிட்டு வந்தவள் போல இருந்தது.

"நேந்திட்டன்" என்றாள்.

"என்னத்தை?"

"கால் தப்பினா, வாற திருவிழாவுக்கு நீ வெறுங்காலோட முழுச் சுத்தும் வருவாய் எண்டு."

"என்ட காலை நீங்க எப்பிடி அக்கா நேருவீங்க? என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ வாயைத் திறப்பியா? விரல் கறுக்கிற வரைக்கும் வாய் திறக்காதவள்."

"அப்ப உங்கட காலை நேந்திருக்கலாமே."

"என்ட கால் நல்லாத்தானே இருக்கு. நல்லா இருக்கிறதை ஆர் நேருவா?"

பக்கத்துக் கட்டில் அம்மா போர்வைக்குள் சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அடுத்த திருவிழாவுக்கு எனக்கு இரண்டு கால் இருக்கும் என்று அந்த வாட்டில் நம்பியது அக்கா ஒருத்திதான்.

சிகிச்சை செய்த அறை மிகவும் குளிராக இருந்தது. மயக்கம் தரமாட்டார்கள், விறைப்பு ஊசி மட்டும்தான். வலது காலுக்குள் போக இடது தொடை இடுக்கால்தான் வழியாம், அங்கே ஊசி ஏறியது. அதற்குப் பிறகு அழுத்தம் தெரியும், நோகாது. குழாய்கள் படத்தில் தெரிவதற்குச் சாயம் செலுத்தும்போது காலுக்குள் வெந்நீர் ஊற்றியது போல ஒரு சூடு பரவும். பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆடாமல் படுத்திருப்பதுதான் கடினம். எனக்கு மூக்கு அரித்தது. சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமலே கிடந்தேன். நீங்கள் சொல்லுங்கள். யாராவது சொறிந்து விடுவார்கள்.

திரையில் என் கால் தெரிந்தது. தொடையிலிருந்து கறுப்புக் கோடு ஒன்று இறங்கி, முழங்காலுக்குக் கீழே திடீரென்று முடிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அங்கே என் பாதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் படத்தில் இல்லை.

கம்பி அந்த இடத்தில் முட்டி முட்டி நின்றது. டொக்டர் அதை எடுத்தார், வேறொன்று விட்டார். அதுவும் நின்றது. முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த தாதியும் திரையைப் பார்த்தார். எனக்கு அக்காவின் நேர்த்தி நினைவுக்கு வந்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே வைத்துக் காட்டிய அந்தக் கை நினைவுக்கு வந்தது.

டொக்டர் என் தலைப்பக்கம் வந்து குனிந்தார். "அக்கே, பம்பலப்பிட்டியால் வர விடுகிறார்கள் இல்லை. தெஹிவளைப் பக்கத்தால் வந்து பார்ப்போமா?"

வெள்ளவத்தைக்கு ஒரு பக்கம் பம்பலப்பிட்டி, மறுபக்கம் தெஹிவளை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடக்கூடாது என்பதால் வயிற்றுக்குள் சிரித்தேன்.

பாதத்தில் ஊசி குத்தி, கீழிருந்து மேலே இன்னொரு கம்பியை அனுப்பினார்கள். இரண்டும் நடுவில் சந்திக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. பலூனை ஊதியபோது கெண்டைக்காலில் பழைய முறுக்கு வலி, வெள்ளவத்தையில் வந்த அதே வலி, வந்து போனது. மேலே ஓர் இடத்தில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்தபடி தாங்கி வைக்கும் கம்பிவலைக் குழல்) வைத்தார்கள். திரும்பவும் சாயம் விட்டார்கள். கறுப்புக் கோடு முழங்காலைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, கீழே போய் இரண்டாகப் பிரிந்தது.

டொக்டர் பேனையைப் பாதத்தில் வைத்தார். இரைச்சலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் மெதுவாக அடிப்பது போல. விட்டு விட்டு, திரும்பத் திரும்ப. அது நான் என்று உடனே நம்ப முடியவில்லை.

கதை இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். களைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஊசி போட்ட இடம் இரத்தம் கசியாமல் இருக்க மணிக்கணக்காக நிமிர்ந்து படுக்க வேண்டும். இரத்தம் திரும்பி வந்த கால் வீங்கும், நோகும். நல்லதற்குத்தான் நோகிறது என்று சொல்வார்கள், நோகிறவருக்கு அது ஆறுதல் இல்லை. பெருவிரலை எடுத்தார்கள். பக்கத்து விரலையும் காப்பாற்ற முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மருந்து கட்டுவதற்குப் போவது, வருவது, கிளினிக்கில் நீள வாங்கில் உட்கார்ந்திருப்பது, பெயர் கூப்பிட்டால் எழும்புவது. இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசையால் கையில் எங்கே தட்டினாலும் நீலம் பாரித்தது. சில காலைகளில் எழுந்து காலைப் பார்க்கவே எனக்கு மனமில்லை. அக்காதான் கட்டை அவிழ்ப்பாள். அவளுக்கும் அலுத்திருந்தது. "இண்டைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்க நாங்கள் இருவருமே மறந்துபோன நாட்களும் உண்டு.

புண் ஆறுவது கண்ணுக்குத் தெரியாது. நேற்றுப் போலவேதான் இன்றும் இருக்கும். மூன்று கிழமைக்கு முந்தியதை நினைத்தால்தான் சிறுத்திருப்பது தெரியும். முதலாளி எனக்குக் கடையில் கதிரை போட்டு, இருந்துகொண்டு தைக்கிற வேலை தந்தார். அவர் நல்ல மனிதர். எல்லாருக்கும் அப்படி அமையாது என்று எனக்குத் தெரியும்.

கிளினிக் தாதி எனக்கு மூன்று விடயம் பழக்கினார். ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைப்பது. பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரல் வைத்துத் துடிப்பைத் தேடுவது. "அழுத்த வேண்டாம், காத்திருங்கள், அதுவே வரும்" என்றார். முதல் நாட்களில் என் விரலின் துடிப்பையே காலின் துடிப்பு என்று எண்ணி ஏமாந்தேன்.

புண் மூடியபோது திருவிழாவுக்குக் கொடியேற்றம் நெருங்கியிருந்தது.

வெறுங்காலோடு நடக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டேன். அதைக் கேட்பதற்குள் வியர்த்துவிட்டது. டொக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். "வீட்டுக்குள்ளும் கூடாது. குளியலறைக்கும் கூடாது. இனி எந்த நாளும் கூடாது. திறந்த குழாய் திரும்ப அடைக்கலாம், இடது காலும் நல்ல நிலையில் இல்லை. இன்னொரு காயம் வந்தால் இந்த முறை தெஹிவளைப் பக்கமும் இருக்காது."

அக்காவிடம் சொன்னேன். அவள் மாவைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேர்த்தியைச் செலுத்தாம விட்டா?" என்றாள் கடைசியில். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "தந்த காலைத் திருப்பி எடுத்தா?"

அவள் என்னைப் பயமுறுத்தவில்லை. உண்மையாகவே பயந்திருந்தாள். கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "சப்பாத்தோட நடக்கட்டுமாம். ஒரு பிழையும் இல்லையாம்" என்றாள். அவளுக்குத் திருப்தியில்லை. "அவர் சின்னப் பிள்ளை. அவருக்கு நேர்த்தியைப் பத்தி என்ன தெரியும்?"

திருவிழா அன்று பின்னேரம் அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். "நேந்தது நான்தானே. நான் நடக்கிறன்" என்றாள். "நீ இதில கதிரையில இரு."

"உங்களுக்கும் சீனி இருக்கு அக்கா."

"எனக்குச் சுடும். சுடுற காலுக்கு ஒண்டும் வராது."

அது சரியான மருத்துவம் இல்லை. ஆனால் மறித்து நிற்க என்னால் முடியவில்லை. ஒரு வாளித் தண்ணீரை வாசலில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

சுற்றுப்பிரகாரம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது நான் எழுந்து நின்றேன். சனம் வெறுங்காலோடு போனது. என் காலில் ஆஸ்பத்திரியில் சொன்ன கறுப்புச் சப்பாத்து, பெரியது, பட்டி வைத்தது. முன்வீட்டு அன்ரி என் சப்பாத்தைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து, வேறு பக்கம் திரும்பினார். சொரூபம் கிட்ட வந்தது. எல்லாரும் மண்டியிட்டார்கள். அந்தக் கணத்தில் எனக்கு டொக்டரும் நினைவில்லை, விரல்களும் நினைவில்லை. ஒரு நிமிடம்தானே, நின்ற இடத்திலேயே நின்று செலுத்திவிடலாமே என்று குனிந்து பட்டியில் கை வைத்தேன்.

"ஏய் ஜெஸி!"

செபத்துக்கு மேலாக அந்தக் குரல் வந்தது. கூட்டத்துக்குள் அக்கா, முக்காடு விலகி, வியர்த்து, கையில் மெழுகுதிரியோடு.

"கழட்டினா அந்தக் காலை நானே முறிப்பன்!"

செபம் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் தடுமாறினார்கள். யாரோ சிரித்தார்கள். நான் நிமிர்ந்துவிட்டேன். தெருவே என்னைப் பார்த்தது. வேறொரு நாள் என்றால் வீட்டுக்குள் ஓடியிருப்பேன். அன்றைக்கு வாளியை எடுத்து, அக்கா வரப்போகிற வழியில் தண்ணீரை ஊற்றினேன். அவள் அந்த ஈரத்தை மிதித்துப் போனாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

இப்போது நான் நாட்களை எண்ணுவது வேறு மாதிரி. அடுத்த கிளினிக் வரைக்கும் ஒரு காலம். அதற்கு அப்பால் நினைப்பதில்லை. முன்பு உடம்பு என்பது நான் தூக்கிக்கொண்டு போகிற ஒன்று, அதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது ஒவ்வொரு காலையும் எழும்பி, பாதத்தில் விரல் வைத்து, கால் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அந்தத் திருவிழா அன்றைக்கு அக்கா திரும்பி வந்ததும் அவளைக் கதிரையில் இருத்தினேன். கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்தேன். கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தேன். குதிக்காலில் சிவப்பு இருந்தது, கொப்புளம் இல்லை. பிறகு பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தேன்.

"விடடி, கூசுது. என்ன தேடுறாய்?"

"பேசாம இருங்க அக்கா."

அழுத்தாமல் காத்திருந்தேன். வெளியே இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கா?" என்று கேட்டாள், கொஞ்சம் பயந்து.

"ஓம், இருக்கு" என்றேன். ஆனால் விரலை உடனே எடுக்கவில்லை. மற்றக் காலையும் தரச் சொன்னேன்.